டிரீம் தியேட்டர் இசைக்குழுவின் மிகச் சிறந்த ஆல்பம் எது, மிக நலிந்தது எது?

சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை மாலை நாங்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக் கராஜில் கூடி, ஓர் ஆல்பத்தை முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை நடுவில் நிறுத்தாமல் கேட்கிறோம். கேட்டு முடிக்கும் வரை யாரும் பேசுவதில்லை, கைப்பேசியைத் தொடுவதில்லை. அதன் பிறகு சாப்பாட்டோடு தொடங்கும் விவாதம் சில நாட்களில் நள்ளிரவைத் தாண்டும். எங்கள் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தமிழ் வகுப்பில் கற்றது கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக, இந்த இசையைப் பற்றி எழுதுவதையாவது தமிழில் மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். பதில் எழுதுவோரும் அவ்வாறே எழுத வேண்டுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு என் மாமாவின் மகன்கள் இருவர் முதன்முறையாக வருகிறார்கள். மூத்தவர் கோயிலில் தவில் வாசிப்பவர். இளையவர் நாதஸ்வரம் பழகி வருகிறார். மெட்டல் இசையை இருவரும் இதுவரை காது கொடுத்துக் கேட்டதில்லை. கனத்த கிட்டார் ஒலியும் சிக்கலான தாளமும் நீண்ட பாட்டுகளும் கொண்ட புரோகிரசிவ் மெட்டல் என்ற வகை என்னவென்று ஒரே ஓர் ஆல்பத்தில் காட்டும்படி அவர்களே கேட்டிருக்கிறார்கள். டிரீம் தியேட்டர் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 1989 முதல் 2025 வரை அவர்கள் வெளியிட்ட 16 ஸ்டுடியோ ஆல்பங்களில் எதை எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

என் கருத்து 1992ஆம் ஆண்டின் இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ். பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரியில் 1985இல் சந்தித்த மூன்று மாணவர்கள், கிட்டார் வாசிக்கும் ஜான் பெட்ரூச்சி, பாஸ் வாசிக்கும் ஜான் மியுங், டிரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னாய், ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு தாங்கள் யார் என்று உலகுக்குச் சொன்ன தட்டு அது. கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் லாப்ரீயின் குரல் முதன்முதலில் கேட்பதும் அதில்தான். எட்டு நிமிட நீளமுள்ள பாட்டைத் தொலைக்காட்சியும் வானொலியும் ஏற்றுக்கொள்ளும் என்று அன்றைக்கு யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இந்த ஆல்பத்தின் புல் மீ அண்டர் அதைச் சாதித்தது.

மிக நலிந்தது 1997ஆம் ஆண்டின் ஃபாலிங் இன்டூ இன்ஃபினிட்டி என்பது என் எண்ணம். இசைத்தட்டு நிறுவனத்தின் விருப்பத்துக்கு வளைந்து எழுதிய பாட்டுகள் அதில் இருப்பதை ஒரு முறை கேட்டாலே உணரலாம். நீங்கள் எதைச் சொல்வீர்கள், ஏன் சொல்வீர்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். காரணம் இல்லாத பெயர்ப் பட்டியல் எனக்குப் பயன்படாது.

மேரிட்ஸ்பர்க் வாத்தியார் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். முதலில் சிறந்ததைப் பற்றி எழுதுகிறேன். ஃபாலிங் இன்டூ இன்ஃபினிட்டிக்கு நீங்கள் வழங்கிய தீர்ப்பைப் பற்றி அதன் பிறகு வருகிறேன், ஏனென்றால் அதில் உங்களோடு எனக்குப் பெரிய வழக்கு இருக்கிறது.

உங்கள் மாமா மகன்களுக்கு நீங்கள் வைக்க வேண்டியது 1999ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி. அந்த இளைஞர்கள் கதை கேட்டு வளர்ந்தவர்கள். இந்த ஆல்பம் முழுவதும் ஒரே கதை. அதுவும் முற்பிறவிக் கதை. நிக்கலஸ் என்ற மனிதனுக்குத் தான் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கை கனவில் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் மருத்துவர் ஒருவரிடம் சென்று மயக்க உறக்கத்தில் ஆழும்போது, 1928இல் கொலையுண்ட விக்டோரியா என்ற அந்தப் பெண்ணே தன் முற்பிறவி என்று கண்டுகொள்கிறான். தான் யாராக இருந்து இறந்தோம், யார் கொன்றார் என்பதைத் தேடிப் போவதுதான் மீதிக் கதை. மேலைநாட்டுக் கேட்பவர்கள் இதைப் புதுமையான கற்பனை என்று எழுதியபோது, பிறவிச் சுழலைப் பாட்டியின் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்த எனக்கு அது அடுத்த வீட்டுக் கதையைப் போல இருந்தது. முடிவை இங்கே எழுத மாட்டேன். கடைசி ஒரு நிமிடத்தில் கேட்கும் வண்டிச் சத்தத்தையும் கதவுச் சத்தத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது.

கதை நன்றாக இருந்துவிட்டால் மட்டும் ஆல்பம் சிறந்துவிடாது என்பதை நான் அறிவேன். இதில் இசையே கதையை நினைவில் வைத்திருக்கிறது. 1992ஆம் ஆண்டு ஆல்பத்தில் மெட்ரோபோலிஸ் என்றொரு பாட்டு உண்டல்லவா? அதற்கு முதற்பகுதி என்று விளையாட்டாகப் பெயரிட்டுவிட்டு, இரண்டாம் பகுதி எங்கே என்று ரசிகர்கள் ஏழாண்டுகள் கேட்ட பிறகு அவர்கள் தந்த விடை இந்த ஆல்பம். முன்னதில் வந்த சந்தமும் சொற்றொடர்களும் இங்கே வேறு முகத்தோடு திரும்பி வருகின்றன. முற்பிறவியை நினைவுகூரும் கதைக்கு முந்தைய பாட்டையே முற்பிறவியாக வைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டும் எனக்கு இந்த ஏற்பாடு சலிக்கவில்லை.

தவில்காரருக்கு என்று ஒன்று சொல்கிறேன். தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி என்ற பாடலற்ற உருப்படி ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் தாள அளவு நூறு முறைக்கு மேல் மாறுகிறது. 108 என்று எண்ணிச் சொல்பவர்களும் உண்டு. அவர் கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கட்டும். அடுத்து வரும் ஒன் லாஸ்ட் டைம், தி ஸ்பிரிட் கேரீஸ் ஆன் ஆகிய இரண்டும் அந்தக் களைப்பை ஆற்றும். தி ஸ்பிரிட் கேரீஸ் ஆனில் தெரேசா தாமஸனின் குரலும் கூட்டுப்பாடகர்களின் குரலும் எழும் இடத்தில், தேவாலயக் கூட்டுப்பாட்டு தெருவெல்லாம் ஒலிக்கும் நம் ஊரில் வளர்ந்த எவருக்கும் அது அந்நியமாகப் படாது.

இனி ஃபாலிங் இன்டூ இன்ஃபினிட்டி. அதைத் தயாரித்த கெவின் ஷர்லி ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா? நம் நாட்டுக்காரர் என்பதற்காக நான் வாதாட வரவில்லை. அந்த ஆல்பத்தின் குறைக்கு அவரைப் பொறுப்பாக்கும் பேச்சை அடிக்கடி கேட்கிறேன், அது நியாயமற்றது. குழு இரண்டு தட்டுகளுக்குப் போதுமான பாட்டுகளை எழுதி வைத்திருந்தது. நிறுவனம் இரட்டை ஆல்பத்தை ஏற்கவில்லை. யூ ஓர் மீ என்று அவர்கள் எழுதியிருந்த பாட்டு, டெஸ்மண்ட் சைல்ட் என்ற வெற்றிப்பாட்டு எழுத்தாளரின் கைக்குச் சென்று யூ நாட் மீ என்று உருமாறி வந்தது. இத்தனை வெட்டுக்கும் ஒட்டுக்கும் பிறகு மிஞ்சியதை ஷர்லி தெளிவாக ஒலிக்கச் செய்தார். இரண்டு ஆண்டு கழித்து வந்த சீன்ஸ் ஃப்ரம் எ மெமரியின் ஒலிக்கலவையில் பெரும்பகுதியும் அவர் செய்ததே.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. 1997ஆம் ஆண்டு தட்டில் இடம் கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவற்றில், ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் மெட்ரோபோலிஸ் இரண்டாம் பகுதியின் முதல் வடிவமும் ஒன்று. அது அன்றைக்கே ஒரு பாட்டாக வெளிவந்திருந்தால் முழுக்கதையாக வளர்ந்திருக்காது. நீங்கள் நலிந்தது என்று சொல்லும் ஆல்பத்திலிருந்து விழுந்த விதையில் முளைத்ததுதான் நான் சிறந்தது என்று சொல்லும் ஆல்பம்.

டோங்காட் கரும்புக்காடு எழுதியது:

வாத்தியார் ஐயா எழுதிய பிறகு சிறந்தது எது என்பதில் நான் போட்டியிட விரும்பவில்லை. ஆனாலும் என் வீட்டில் மிக அதிகமாக ஒலித்தது 2003ஆம் ஆண்டின் டிரெய்ன் ஆஃப் தாட் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஏழே பாட்டுகள், 69 நிமிடம், குழுவின் ஆல்பங்களிலேயே மிகவும் கனமானவற்றுள் ஒன்று. மூன்று வாரத்தில் எழுதி முடித்தார்கள். அந்த அவசரம் இசையில் ஒரே மூச்சாக இறங்கியிருக்கிறது.

எனக்கு அது முக்கியமானதற்குக் காரணம் வேறு. மைக் போர்ட்னாய் குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர். குடியிலிருந்து மீள்வோர் பின்பற்றும் பன்னிரண்டு படிகளையும் ஐந்து பாட்டுகளாகப் பிரித்து, 2002 முதல் 2009 வரை வந்த ஐந்து ஆல்பங்களில் ஆல்பத்துக்கு ஒன்றாக வைத்தார். டிரெய்ன் ஆஃப் தாட்டில் உள்ளது அதன் இரண்டாம் பாட்டு. என் அண்ணன் குடியை விட்ட ஆண்டுகளில், மீட்புக் கூட்டத்துக்கு அவரைக் காரில் அழைத்துச் செல்லும் போதும் திரும்பும் போதும் இந்த ஐந்து பாட்டுகளை வரிசையாகக் கேட்டோம். ஒன்றிலிருந்து எழும் இசைத்துணுக்கு அடுத்ததில் திரும்பி வரும். பழைய தவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் அது மறுபடி கதவைத் தட்டும் என்பதை அண்ணன் அந்தத் துணுக்குகளைக் காட்டித்தான் எனக்கு விளக்கினார்.

புதியவர்களுக்கு இதை முதலில் வைக்க வேண்டாம். 69 நிமிடமும் ஒரே இருட்டில் இருப்பதைப் பழகாத காது தாங்காது.

பீனிக்ஸ் அக்கா எழுதியது:

நலிந்தது எது என்ற கேள்விக்குப் பதில் எழுதியவர்களில் யாரும் இன்னும் நேராக விடை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: 2016 ஜனவரியில் வந்த தி அஸ்டானிஷிங். ஃபாலிங் இன்டூ இன்ஃபினிட்டியில் பிறர் கைவைத்துக் கெடுத்தார்கள் என்று காரணம் சொல்லலாம். தி அஸ்டானிஷிங்கில் யாரும் கைவைக்கவில்லை. இரண்டு தட்டுகள், 34 உருப்படிகள், 130 நிமிடம், டேவிட் கேம்பெல் அமைத்த பெரிய வாத்தியக் குழு, கூட்டுப்பாடகர்கள் என்று கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் கேட்பவரை அது தூக்கிச் செல்லவில்லை என்றால் குறை ஆக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

ஏன் தூக்கிச் செல்லவில்லை என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். விடை எங்கள் தாத்தாவிடமிருந்து கிடைத்தது. இங்கே ஆறடி நடனம் என்று ஆங்கிலத்தில் பெயர் மாற்றி அழைக்கப்படும் தெருக்கூத்தில் அவர் இளமையில் வேடம் கட்டியவர். விடிய விடிய ஆடும் கூத்தில் ஒவ்வொரு வேடமும் திரைக்குப் பின்னால் வந்து நின்று, தன் பெயரும் குலமும் சொல்லிப் பாடி, பிறகுதான் திரை விலக்கி வெளியே வரும். அரசனுக்கு ஒரு நடை, தூதனுக்கு ஒரு நடை. அரைத் தூக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாயில் கிடக்கும் குழந்தைக்கும் யார் வந்திருக்கிறார் என்று காதாலேயே தெரிந்துவிடும் என்பார் தாத்தா.

பெட்ரூச்சி எழுதிய கதை 2285ஆம் ஆண்டில் நடக்கிறது. நோமாக்ஸ் என்ற இயந்திரங்கள் மட்டுமே ஒலி எழுப்பும் ஒரு பேரரசில், தானே பாடும் வரம் பெற்ற கேப்ரியல் என்ற இளைஞன் தோன்றுகிறான். பேரரசன், அரசி, இளவரசன், இளவரசி, கிளர்ச்சித் தலைவன், அவன் மகன் என்று கதைமாந்தர் பலர். அனைவரையும் பாடுபவர் ஜேம்ஸ் லாப்ரீ ஒருவரே. அவர் குரலை மாற்றிப் பாட முயல்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேடத்துக்கென்று சந்தமோ தாளநடையோ அமையாததால், பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பாடுவது தந்தையா மகனா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. பாதிக்கு மேல் மெதுவான பாட்டுகள். இரண்டாம் தட்டின் நடுவில் என் மனம் எப்போதும் எங்கோ போய்விடுகிறது. சீன்ஸ் ஃப்ரம் எ மெமரியிலும் அவர் ஒருவரே பல பாத்திரங்களைப் பாடுகிறார் என்று வாத்தியார் ஐயா மறுக்கலாம். அங்கே கதைமாந்தர் நான்கைந்து பேர்தான். அவர்கள் யாவரும் நிக்கலஸின் நினைவில் எழுபவர்கள். ஒருவன் நினைவில் எழும் குரல்கள் ஒரே குரலில் கேட்பது பொருத்தமே.

சிறந்தது என்று நான் சொல்வது 1994ஆம் ஆண்டின் அவேக். இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸை வெறுத்து இதைச் சொல்லவில்லை. அந்தத் தட்டில் டிரம்ஸில் ஸ்நேர் என்னும் சிறு முரசின் ஓசை அடிக்கு அடி ஒரே பதிவாகக் கேட்கும். அடியை உணரும் கருவியை டிரம்ஸில் பொருத்தி, முன்பே பதிவுசெய்த ஓசையை அதன் மேல் ஏற்றினார் தயாரிப்பாளர். தவில் வாசிப்பவர் காதுக்கு அது உடனே உறுத்தும். தோலை எங்கே தட்டினாலும் ஒரே நாதம் வந்தால் அவர் என்ன நினைப்பார்? அவேக்கில் டிரம்ஸ் மூச்சு விடுகிறது. மனப்பிறழ்வைப் பற்றிய வாய்ஸஸ் பாட்டில் லாப்ரீ கிசுகிசுப்பிலிருந்து அலறல் வரை ஏறுவதைப் போல அவர் வேறெங்கும் பாடவில்லை என்பேன். அந்த ஆண்டு இறுதியில் கியூபாவில் விடுமுறையில் இருந்தபோது கெட்ட உணவை உண்டு வாந்தி எடுத்ததில் அவருடைய குரல்நாண் கிழிந்தது. ஓய்வெடுக்கச் சொன்ன மருத்துவர்களின் பேச்சையும் மீறி அடுத்த மாதமே மேடை ஏறினார். காயமில்லாத அந்தக் குரலின் கடைசிப் பதிவு என்ற முறையிலும் அவேக் எனக்கு அரியது.

கடைசிப் பாட்டான ஸ்பேஸ் டை வெஸ்டைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. கீபோர்டு வாசித்த கெவின் மூர் தனியாக எழுதிய பாட்டு அது. ஆல்பம் முடியும் தறுவாயில் அவர் குழுவை விட்டு விலகினார். பியானோவில் நான்கைந்து சுரங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். நடுவில் யார் யாரோ பேசும் துண்டுகள். போகப்போகத்தான் மற்ற வாத்தியங்கள் சேரும். அவர் இல்லாமல் அதை வாசிப்பதில்லை என்று குழு இருபது ஆண்டுக் காலம் மேடையில் தொடாமலே வைத்திருந்து, 2014இல்தான் வாசித்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, தனியாக, விளக்கணைத்துக் கேட்க வேண்டிய பாட்டு அது. கராஜில் எட்டுப் பேர் நடுவில் அது தன்னைத் திறந்து காட்டுமா என்பது எனக்குச் சந்தேகமே. ஆகையால் சிறந்தது அவேக் என்று நான் சொன்னாலும், உங்கள் சனிக்கிழமைக்கு வாத்தியார் ஐயா சொன்னதையே வையுங்கள்.

சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை எழுதியது:

அக்கா, ஸ்நேர் ஓசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸை மறுபடி கேட்டேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கேட்கும் தட்டு. இதை நான் ஒரு முறையும் கவனித்ததில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. பாட்டுகளின் மேல் எனக்குள்ள அன்பு குறையவில்லை. ஆனாலும் தவில்காரர் முன்னால் அதை முதலில் வைப்பது சரியாகாது என்று ஒப்புக்கொள்கிறேன். மூத்த மச்சானிடம் இந்த இழையைக் காட்டினேன். அவரும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தவில் மச்சான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை வரை எதையும் கேட்கக் கூடாது என்று மச்சான் தடை போட்டிருந்தார். நான் இரண்டை மட்டும் கேட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும். ஒன்று வாத்தியார் ஐயா சொன்ன தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி. மற்றொன்று, போர்ட்னாய் 2010 செப்டம்பரில் விலகிய பிறகு மைக் மாஞ்சினி வாசித்த எ டிரமாட்டிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸ்.

எங்கள் வாசிப்பில் தாளம் மாறாது. ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரம் எட்டாகவே நிற்கும். அதற்குள் ஐந்தும் ஏழுமாகச் சொற்களை அடுக்கி, கோர்வையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, தாளம் தொடங்கும் அடியான சமத்தில் இறக்குவதில்தான் வித்தை இருக்கிறது. கேட்பவர் கையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பதால், நாங்கள் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பும் வீடு அவருக்குத் தெரியும். இவர்கள் வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஐந்து, ஆறு, ஏழு என்று சுற்றே ஒவ்வொரு முறையும் மாறுகிறது. நான் போட்ட தாளம் அரை நிமிடத்தில் உடைந்துவிட்டது. முதல் முறை கோபம்தான் வந்தது. மூன்றாம் முறை கையை மடியில் வைத்துவிட்டு, பாஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன். அப்போது விளங்கியது: எண்ணிக்கை மாறினாலும் ஒவ்வொரு சொற்கட்டும் கடைசியில் ஊன்றி நின்று அடுத்ததற்குக் கை கொடுக்கிறது. எண்ணிக் கேட்கக் கூடாது, சொற்கட்டாகக் கேட்க வேண்டும். நாதஸ்வரத்தோடு மல்லாரி வாசிக்கும்போது நாங்களும் எண்ணிக்கொண்டிருப்பதில்லையே.

மாஞ்சினியின் கை போர்ட்னாயின் கையைவிடத் தூய்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏழு பேரை வரவழைத்து வாசிக்கச் சொல்லி அவரைத் தேர்ந்தெடுத்தார்களாம். பெர்க்லியில் டிரம்ஸ் கற்பித்துக்கொண்டிருந்தவராம். ஆனாலும் அந்த ஆல்பம் என்னை ஏன் அசைக்கவில்லை என்று மச்சானிடம் கேட்டபோது, டிரம்ஸ் பகுதிகளின் முதல் வடிவத்தைக் கணினியில் எழுதி வைத்தவர் கிட்டார்காரர் பெட்ரூச்சி என்று சொன்னார். நாதஸ்வரக்காரர் எழுதிக் கொடுத்த சொல்லை எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் அது தவில்காரனின் சொல் ஆகாது. மாஞ்சினி பிற்பாடு தானே அமைத்து வாசித்த ஆல்பங்களைக் கேட்காமல் அவரைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை.

மேரிட்ஸ்பர்க் வாத்தியார் எழுதியது:

மருமகனே, சொற்கட்டாகக் கேட்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதை நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அக்காவின் கூத்து விளக்கத்துக்கும் என்னிடம் மறுப்பு இல்லை. நலிந்தது தி அஸ்டானிஷிங் என்று நானும் கையொப்பமிடுகிறேன்.

அடுத்தடுத்த மாதங்களுக்கு ஒரு வேண்டுகோள். சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி வெறும் இரைச்சல் ஒலியோடு முடிகிறது. 2002ஆம் ஆண்டின் சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ் அதே இரைச்சலோடு தொடங்குகிறது. அதன் இறுதி ஒலியில் டிரெய்ன் ஆஃப் தாட் தொடங்க, டிரெய்ன் ஆஃப் தாட்டின் கடைசிச் சுரத்தில் 2005ஆம் ஆண்டின் ஆக்டவேரியம் தொடங்குகிறது. அந்தாதி அல்லாமல் இது வேறென்ன? ஆக்டவேரியம் தன் முதல் ஒலியிலேயே வந்து முடிவதால் கடைசியில் மண்டலித்தும் விடுகிறது. அது அவர்களின் எட்டாவது ஆல்பம், எட்டுப் பாட்டுகள், ஒவ்வொரு பாட்டும் ஒரு சுரம் மேலே ஏறி, எட்டாம் பாட்டு மேல் சட்ஜத்தில் நிற்கிறது. நாதஸ்வரம் பழகும் தம்பி அதைக் கேட்டால் தானே கண்டுபிடிப்பார், முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இந்த நான்கையும் வெளிவந்த வரிசையிலேயே நான்கு மாதங்களில் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை எழுதியது:

ஐயா, நால்வரிசை முடிவாகிவிட்டது. முதல் சனிக்கிழமைக்கு சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி. சிக்ஸ் டிகிரீஸ் இரண்டு தட்டு என்பதால் அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கூடுவோம்; டிரெய்ன் ஆஃப் தாட் வைக்கும் மாதத்துக்கு டோங்காட் அண்ணனும் அவருடைய அண்ணனும் அவசியம் வர வேண்டும். போர்ட்னாய் திரும்பி வந்த பிறகு 2025 பிப்ரவரியில் வெளியான பாரசோம்னியாவைப் பற்றி யாருமே எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். அதை ஐந்தாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபாலிங் இன்டூ இன்ஃபினிட்டியைப் பற்றிய என் தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். அதன் கடைசிப் பாட்டான டிரையல் ஆஃப் டியர்ஸை நேற்று இருமுறை கேட்டேன். 13 நிமிடப் பாட்டு, யாருக்கும் வளையாதது. அக்கா, ஸ்பேஸ் டை வெஸ்டை இன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு கேட்கிறேன். சனிக்கிழமை மின்வெட்டு வந்தால் நடுவில் நின்றுவிடக் கூடாதென்று பேட்டரியை முழுதாக மின்னேற்றி வைத்திருக்கிறேன். வருபவர்கள் நான்கு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். மருத்துவரின் குரல் தொடங்கிய பிறகு கராஜ் கதவைத் திறக்க மாட்டோம்.